முதல் தேதியைப் போட்டது யார்?

கம்ப்யூட்டரில் எந்தக் கணக்கு ரிப்போர்ட்டைத் திறந்தாலும் மேலே இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒன்று 'இந்தத் தேதி முதல்', இன்னொன்று 'இந்தத் தேதி வரை'. நாம் ஒன்றும் தட்டாமலே இரண்டிலும் ஏதோ ஒரு தேதி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். இதை 'டீஃபால்ட்' என்பார்கள். நீங்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டால் இயந்திரம் தானாக எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். நம் பேங்க் ஆப்பைத் திறந்தால் கடைசியாக நடந்த சில வரவு செலவு மட்டும் தெரிகிறதே, அதுவும் இந்த ஜாதிதான்.

கணக்குப் பிரிவில் சேர்ந்து, பிறகு கம்ப்யூட்டர் வந்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். நான் பார்த்தவரையில் அந்தக் கட்டங்களைத் தொட்டு மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. திரையில் வந்ததைப் பார்ப்பார்கள், அதை வைத்துக் கேள்வி கேட்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே ஒரு ரிப்போர்ட்டில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த முதல் தேதி. அதைப் போட்டது யார் என்று தேடப்போனால் புரோகிராம் எழுதிய பையனோடு விஷயம் நிற்பதில்லை. அக்பர் பாதுஷா வரைக்கும் போகிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பசலி என்ற சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிஸ்தி கட்டின ரசீதிலும், அடங்கலிலும், பழைய நிலப் பத்திரங்களோடு கட்டி வைத்த கணக்குகளிலும் 'பசலி 1362' என்பதுபோல ஓர் எண் இருக்கும். 'ஃபஸ்ல்' என்றால் அரபியில் பருவம். இங்கே அறுவடைப் பருவம். முகலாயர் ஆட்சியில் ஆவணங்களெல்லாம் ஹிஜ்ரி ஆண்டில் இருந்தன. அது சந்திரனை வைத்து ஓடும் ஆண்டு, 354 நாள். சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைவு. மூன்று வருடம் போனால் ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் வந்து நிற்கும். நெல்லுக்கு இது தெரியாதே! அது வெயிலையும் மழையையும் பார்த்து விளைவது. கணக்குப்படி வரி கேட்கிறவன் வாசலில் நிற்பான், வயலில் பயிர் பச்சையாக நிற்கும். இன்னொரு கோணத்தில் பார்த்தால், ஒரு குடியானவன் 32 அறுவடை எடுப்பதற்குள் 33 வருடத்து வரி அவன் தலையில் ஏறிவிடும்.

இதைச் சரி செய்யத்தான் அக்பர் பசலியைக் கொண்டுவந்தார். அவர் பட்டத்துக்கு வந்த 1556-ல் நடந்த ஹிஜ்ரி 963-ஐ அப்படியே முதல் எண்ணாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சூரியக் கணக்கில் எண்ணச் சொன்னார்கள். தக்காணத்துக்கு அது ஷாஜஹான் காலத்தில் 1636-ல் வந்தபோது, அன்றைய ஹிஜ்ரி 1046-லிருந்து தொடங்கினார்கள். இடைப்பட்ட 80 வருடத்தில் ஹிஜ்ரி இரண்டு மூன்று எண் முன்னால் ஓடிவிட்டதால், வடக்கே இருக்கும் பசலிக்கும் நம் பசலிக்கும் இன்றுவரை அந்த வித்தியாசம் உண்டு. ஒரே ராஜ்ஜியம், ஒரே பெயர், இரண்டு எண்ணிக்கை! நமக்கு ஆங்கில வருடத்திலிருந்து 590-ஐக் கழித்தால் ஜூலையில் பிறக்கும் பசலி வரும். 2025 ஜூலை முதல் தேதி பிறந்தது பசலி 1435.

ஜூலை முதல் தேதி என்பதும் பிறகு வந்த ஏற்பாடுதான். சென்னை ராஜதானியில் முதலில் ஆடி மாதப் பிறப்பை ஒட்டித்தான் பசலி பிறந்தது. கம்பெனி ஆட்சியில், 1855-ல், அதை ஜூலை 1 என்று மாற்றினார்கள். துரைமார்களின் மாதாந்திரக் கணக்குக்கு அது வசதி. ஆனாலும் ஆடிப்பட்டத்துக்கு அதிக தூரம் போய்விடவில்லை என்பதால் குடியானவர்களுக்கும் பெரிய கஷ்டம் இல்லை. இன்றும் ஜமாபந்தி, அதாவது வருவாய்த் தீர்வாயம், பசலி முடிகிற சமயத்தில் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கிறது. கர்ணம் மணியம் முறையை 1980-ல் எடுத்தார்கள். வி.ஏ.ஓ. வந்தார், கம்ப்யூட்டர் வந்தது, பட்டா இணையத்துக்குப் போனது. பசலி மட்டும் போகவில்லை.

அதே தாலுகா அலுவலகத்தில் சம்பளப் பில் போடுகிறவருக்கு வருடம் ஏப்ரலில் பிறக்கிறது. இந்த ஏப்ரலின் கதை வேறு.

இங்கிலாந்தில் பழைய காலத்தில் வருடப் பிறப்பு மார்ச் 25. மாதா திருநாள் அது. குத்தகை, வாடகை, வரி எல்லாம் அன்றைக்குத் தீர்க்கிற வழக்கம். 1752-ல் அவர்கள் பழைய ஜூலியன் காலண்டரை விட்டுவிட்டு இப்போது நாம் வைத்திருக்கும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2-ம் தேதி படுத்தவர்கள் 14-ம் தேதி எழுந்தார்கள். நடுவில் 11 நாள் கிடையாது. வரி வசூல் வருடத்தில் 11 நாள் குறைந்தால் கஜானாவுக்கு நஷ்டம் அல்லவா? அதனால் வரி வருடத்தின் முடிவை மட்டும் 11 நாள் தள்ளிப் போட்டார்கள். 1800-ல் இன்னும் ஒரு நாள் தள்ளினார்கள். இன்றைக்கும் அங்கே தனிநபர் வருமான வரி வருடம் பிறப்பது ஏப்ரல் 6-ம் தேதி. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கை மட்டும் 1854-ல் மார்ச் 31-ல் முடிவதாகத் திருத்தினார்கள்.

இந்தியாவில் அப்போது அரசுக் கணக்கு வருடம் மே 1-ல் பிறந்து ஏப்ரல் 30-ல் முடிந்தது. லண்டன் கணக்கோடு பொருத்திப் பார்க்க வசதியாக 1867-ல் அதை ஏப்ரல் 1-க்கு மாற்றினார்கள். அதனால் 1866-67 கணக்கு 11 மாதம்தான். நம் மழையையோ விளைச்சலையோ யோசித்து வைத்த தேதி இல்லை இது. சுதந்திரம் வந்த பிறகு மாற்றலாமா என்று யோசிக்காமல் இல்லை. 1984-ல் எல்.கே.ஜா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். தென்மேற்குப் பருவமழை எப்படி என்று தெரிந்த பிறகு பட்ஜெட் போடுவதுதான் நல்லது, ஜனவரிக்கு மாற்றுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அரசு ஏற்கவில்லை. 2016-ல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் மறுபடி ஒரு கமிட்டி. ஏப்ரல் அசையவில்லை.

வியாபாரிகள் விஷயத்தில் சர்க்கார் ரொம்ப நாள் பெருந்தன்மையாக இருந்தது. 1980-களின் கடைசி வரை, கடைக்காரர் தன் கணக்கு வருடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். தீபாவளிக்குப் புதுக்கணக்கு போடுகிற சௌகார்கள் தீபாவளி வருடத்துக்கே வருமான வரி கட்டினார்கள். சித்திரை முதல் தேதி மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு நாள்வழி எழுதத் தொடங்கியவர்கள் அந்த வருடத்துக்குக் கட்டினார்கள். 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல் எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஆகிவிட்டது. அந்த ஒரு முறை பலருக்குப் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டி நீண்ட கணக்கு. ஆடிட்டர் ஆபீஸ்களில் நடுராத்திரி வரை விளக்கு எரிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

'பிசினஸ் இன்டலிஜென்ஸ்' என்ற பெயர் ஏதோ நேற்று வந்தது என்று நினைக்கிறோம். 1958-லேயே ஐபிஎம் கம்பெனியில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். இன்றைய அர்த்தத்தில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹோவர்ட் டிரெஸ்னர், 1989-ல். ஒரு நிர்வாகத்தின் விவரங்களையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, அதிகாரி கேட்ட கோணத்தில் படமாகவும் பட்டியலாகவும் காட்டுவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். நான் பழகிய ஆரம்ப காலத்தில் ரிப்போர்ட் என்றால் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிறீச் கிறீச் என்று அடித்துத் தள்ளுவது. அப்போது 'முதல் தேதி என்ன?' என்று திரையில் கேள்வி வரும். அடிக்காமல் விட்டால் அடுத்த வரிக்குப் போகாது. தொல்லைதான். ஆனால் ஒரு நன்மை, என்ன தேதி கேட்டோம் என்பது கேட்டவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு வந்த கருவிகள் கேட்பதை நிறுத்திவிட்டு, தாங்களே நிரப்பிக் கொடுக்கத் தொடங்கின.

தாங்களே நிரப்புவது என்றால், எந்த வருடத்தை? 2015-ல் பொதுப் புழக்கத்துக்கு வந்த பவர் பிஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகக் கட்டிக்கொள்ளும் தேதி அட்டவணையில் வருடம் ஜனவரியில் பிறந்து டிசம்பரில் முடியும். 'இந்த வருடம்' என்று வடிகட்டச் சொன்னாலும் ஜனவரியிலிருந்துதான் எடுக்கும். வருடத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கூட்டித் தா என்றால், எங்கள் வருடம் மார்ச் 31-ல் முடிகிறது என்று நாம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான, நாம் கடைசிக் காலாண்டு என்று சொல்லிப் பழகிய மூன்று மாதத்துக்கு 'முதல் காலாண்டு' என்று பெயர் வைத்து அது படம் போட்டுவிடும். படம் அழகாக இருக்கும். அதுதான் ஆபத்து.

இன்னொரு விசித்திரம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் பழைய வகைத் தேதிக் களம் ஒன்று உண்டு. அதில் 1753 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியைப் போட முடியாது. ஏன் 1753? மேலே சொன்ன 11 நாள் சமாசாரம்தான். இங்கிலாந்து காலண்டர் மாறிய வருடத்தைத் தொட்டால் இல்லாத நாட்களோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று, சைபேஸ் என்ற முந்தைய மென்பொருளைச் செய்தவர்கள் அதற்கு அடுத்த வருடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த எஸ்க்யூஎல் சர்வருக்கும் அது வந்தது. 2008-ல்தான் புதிய தேதி வகையைச் சேர்த்து அதை நீக்கினார்கள். நம் சம்பளப் பில்லின் ஏப்ரலுக்குப் பின்னாலும் 1752 இருக்கிறது, கம்ப்யூட்டரின் தேதிக் களத்திலும் 1752 இருக்கிறது. எக்ஸெல்லில் 1900 பிப்ரவரி 29 என்று உலகத்தில் இல்லாத ஒரு நாள் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். முன்னோடியான லோட்டஸில் இருந்த பிழையை, பழைய கோப்புகள் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வேடிக்கைக்குச் சொன்னது. வேடிக்கை இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

2000-க்குப் பிந்தைய வருடங்களில், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதிய மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வெளியிலிருந்து வந்த ஒரு கம்பெனி ரிப்போர்ட்டுகளை எழுதிக் கொடுத்தது. அதில் முக்கியமானது 'நிலுவை மனுக்கள்'. திறந்தவுடன் முதல் தேதிக் கட்டத்தில் நடப்பு நிதியாண்டின் ஏப்ரல் 1 இருக்கும், அடுத்ததில் இன்றைய தேதி. மனு வந்து சேர்ந்த தேதியை வைத்து வடிகட்டும். ஏப்ரல் மாத ஆய்வுக் கூட்டத்தில் பெரியவர் நிலுவை எவ்வளவு என்று கேட்டார். திரையில் இருந்ததைச் சொன்னார்கள். மார்ச்சில் பக்கம் பக்கமாக இருந்த பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். கம்ப்யூட்டர் வந்ததன் பலன் என்று பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பர் மாதம் ஓர் அம்மாள் வந்தார். வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது.

"தம்பி, பிப்ரவரி மாசமே எழுதிக் குடுத்தேன். இதோ சீட்டு இருக்கு" என்று ஒப்புகைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல உங்க பேரே இல்லையேம்மா. மறுபடி ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த பட்டியலில் பெயர் இல்லைதான்.

பக்கத்து மேஜையில் ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தன்பதிவேட்டை விடாமல் கையால் எழுதி வந்தவர். அதற்காக அவரைக் கேலி செய்வதுண்டு. அவர் சீட்டை வாங்கி நம்பரைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். பிப்ரவரியில் பதிவான மனு, மேல் நடவடிக்கை இல்லை, வருடம் திரும்பியபோது சிவப்பு மையில் புதிய பக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அந்த அம்மாளின் பெயரோடு வேறு பெயர்களும் சிவப்பில் இருந்தன.

அந்தச் சிவப்பு மை வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கணக்கு முறையில் வருடம் முடிந்தால் பேரேட்டை மூடுவோம். ஆனால் புதுப் பேரேட்டின் முதல் வரியே பழைய இருப்புதான். ஒருவன் தர வேண்டியது புது வருடம் பிறந்ததும் தீர்ந்துவிடாது, ஒருவனுக்குத் தர வேண்டியதும் தீராது. ஐந்தொகை போடுகிற கடைப்பிள்ளைக்கும் இது தெரியும். தன்பதிவேட்டிலும் எங்கள் பிரிவில் அதையேதான் செய்தோம். கொண்டுவராமல் புதுப் பக்கம் தொடங்கினால் சூப்பிரண்டு கையெழுத்துப் போட மாட்டார். காகிதத்தில் வருடம் என்பது ஒரு படி, ஏறும்போது சாமானையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ரிப்போர்ட்டில் போட்ட ஏப்ரல் 1 கதவாகிவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பக்கமே நின்றார்கள்.

பிறகு அந்தக் கம்பெனிப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். கெட்டிக்காரப் பையன்கள். முதல் தேதி இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்தால் ரிப்போர்ட் திறக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது, அதனால்தான் நடப்பு வருடம் என்று வைத்தோம் என்றார்கள். நியாயம்தான். அன்றைய மெஷின் அப்படி. கடைசியில் ஒரு வழி கண்டோம். தீர்ந்துபோன மனுக்களுக்கு மட்டும் தேதி வடிகட்டல். தீராத மனுவுக்குத் தேதியே கேட்கக் கூடாது, எந்த வருடத்தில் வந்திருந்தாலும் வர வேண்டும், பழையது மேலே நிற்க வேண்டும். தீராதவை எப்போதும் கொஞ்சம்தான் என்பதால் மெஷினும் திணறவில்லை. அதோடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னோம். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியல் மறுபடி பக்கம் பக்கமாக நீண்டது. பெரியவருக்குக் கோபம். ஆனால் வேலை நடந்தது. அந்த அம்மாளுக்கு டிசம்பரில் உத்தரவு போயிற்று. அரியரும் சேர்த்துத்தான். அதற்குள் அவர் பட்ட கடனுக்கு வட்டி யார் கொடுப்பது என்று அந்த மூத்த எழுத்தர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடுகிற ரிப்போர்ட்டிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. ரிசர்வ் வங்கியின் கணக்கு வருடத்தையே பாருங்கள். 1935-ல் ஜனவரி முதல் டிசம்பர் என்று தொடங்கி, 1940-ல் ஜூலை முதல் ஜூன் என்று மாறி, எண்பது வருடம் அப்படியே இருந்து, 2020-21-லிருந்து ஏப்ரல்-மார்ச் ஆனது. மாறிய அந்த 2020-21 கணக்கு 9 மாதம்தான். அவர்கள் ஆண்டறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எண்களை மட்டும் எடுத்து வருடத்துக்கு வருடம் பட்டைப் படம் போடுகிறவருக்கு, அந்தப் பட்டை ஏன் குட்டையாக இருக்கிறது என்று படம் சொல்லாது.

நாள் கணக்கிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. பவர் பிஐ-யில் 'இன்று' என்று வடிகட்டினால் அது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தின் இன்று. நமக்கு விடிகாலை 5.30 ஆகும்வரை அங்கே நேற்றுதான். கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் அது. நள்ளிரவு தாண்டி வந்து இறங்கின சரக்கை, விடியுமுன் 'இன்றைய வரத்து' என்று ஒருவர் அதில் தேடினால், நேற்றைய கணக்கு வந்து நிற்கும். இதற்குத் தனியாக ஐந்தரை மணி கூட்டி ஒரு தேதிக் களம் வைத்துக்கொள்கிறார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இத்தனை காலம் நம்மைக் குழப்பிய இரண்டு சொற்களும் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே இருக்குமாம். நல்லது. ஏப்ரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜமாபந்திக்குப் பசலியும் அப்படியே இருக்கிறது.

1989-க்கு முன்னால் தீபாவளிக் கணக்கோ சித்திரைக் கணக்கோ எழுதிய அனுபவம் உள்ளவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அந்த மாறுதல் வருடத்தில் பேரேட்டை எப்படி முடித்தீர்கள் என்று எழுதுங்களேன். பழைய நோட்டு கைவசம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி.